கொட்டகையில் வளரும் கறவை மாடுகளுக்கு நிம்மதியான இடம்: முழுமையான வழிகாட்டி

கொட்டகையை மாற்றப் போகிறேன், என்ன வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான். இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டகை ஓரமாக ஒரு மணி நேரம் உட்காருங்கள். பால் கறக்கும் நேரமும் தீவனம் போடும் நேரமும் வேண்டாம், இரண்டுக்கும் நடுவில் மாடுகள் தம் போக்கில் இருக்கும் நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடம் எல்லா மாடும் உங்களையே பார்க்கும். அப்புறம் உங்களை மறந்துவிடும். பார்க்க வேண்டியது அதன் பிறகுதான் தொடங்குகிறது.

மேய்ச்சலில் இருக்கும் மாடு வெயில் பட்டால் நிழலுக்குப் போகும், ஈரமான இடத்தை விட்டுக் காய்ந்த இடம் பார்த்துப் படுக்கும். கொட்டகையில் அடைத்த மாட்டுக்கு அந்த வழி இல்லை. நாம் அமைத்துத் தந்ததுதான் அதற்குத் தரை, காற்று, படுக்கை, தண்ணீர் எல்லாமே. ஆகவே அந்தப் பொறுப்பு முழுக்க நம்முடையது.

படி 1: உட்கார்ந்து பாருங்கள், எண்ணுங்கள்

ஒரு கறவை மாடு ஒரு நாளில் 10 முதல் 14 மணி நேரம் படுத்திருக்க வேண்டும். ஒரே மூச்சாகப் படுக்காது. ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் படுத்து எழுந்து, மறுபடி பக்கம் மாற்றிப் படுக்கும். தீவனம் தின்ன 3 முதல் 5 மணி நேரம் ஆகும். அசை போடுவதற்கு 7 முதல் 9 மணி நேரம் போகிறது. அதில் பெரும்பகுதி படுத்தபடியே நடக்கும். மாடு படுத்திருக்கும்போது மடிக்குப் போகும் ரத்த ஓட்டம் கூடுகிறது, குளம்புக்கும் ஓய்வு கிடைக்கிறது.

படுக்கவும் முடியாமல், தின்னவும் முடியாமல் சில மணி நேரம் நின்ற மாட்டை விடுவித்துப் பாருங்கள். பசியோடு இருந்தாலும் பெரும்பாலும் முதலில் படுக்கத்தான் போகும். அதற்குப் படுக்கை அவ்வளவு முக்கியம். அதனால் இந்த வழிகாட்டியில் மற்ற எதையும்விடப் படுக்கைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

உட்கார்ந்திருக்கும்போது குறித்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. படுக்கை இடத்தில் கால் வைத்திருக்கும் மாடுகள் எத்தனை, அவற்றில் படுத்திருப்பவை எத்தனை? பத்துக்கு எட்டு ஒன்பது படுத்திருந்தால் நல்லது. முன்னங்கால் இரண்டும் படுக்கையில், பின்னங்கால் இரண்டும் நடைபாதைச் சாணத்தில் என்று பாதி உள்ளே பாதி வெளியே நிற்கும் மாடுகள் உண்டா? அப்படி நிற்கும் மாடு படுக்க ஆசைப்படுகிறது, ஏதோ ஒன்று தடுக்கிறது. முன்முட்டியிலும் பின்னங்கால் முட்டியிலும் முடி உதிர்ந்திருக்கிறதா, தோல் தடித்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா? தொடையிலும் மடியிலும் சாணம் காய்ந்து அப்பியிருக்கிறதா? எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். பின்னால் இது தேவைப்படும்.

படி 2: படுக்கை

முதலில் மாடு எழுந்திருப்பதை ஒரு தடவை கூர்ந்து பாருங்கள். முன்முட்டிகளை ஊன்றிக்கொள்ளும். தலையை முன்னால் நீட்டி, மூக்கு கிட்டத்தட்டத் தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்த்தும். உடல் எடை முழுவதும் முன்பக்கம் சாயும்போது பின்பாகம் மேலே எழும்பும். ஒரு கணம் முட்டி போட்டபடியே நிற்கும். பிறகு ஒரு முன்னங்காலை ஓர் அடி முன்னால் எடுத்து வைத்து முழுதாக எழும். சில விநாடிகளில் முடிந்துவிடும். எழுந்ததும் முதுகை வளைத்து நன்றாகச் சோம்பல் முறித்தால் அது நல்ல படுக்கை.

இந்தச் சில விநாடிகளுக்குள் இரண்டு தேவைகள் இருக்கின்றன. தலையை நீட்ட முன்னால் இடம் வேண்டும், முட்டி ஊன்றும் இடம் மெத்தென்று இருக்க வேண்டும். முன்னால் சுவரோ கம்பியோ இடித்தால் மாடு பக்கவாட்டில் நெளிந்து எழும். இன்னும் மோசமானால் குதிரை எழுவதுபோல முன்னங்காலை முதலில் ஊன்றி எழப் பழகிவிடும். அப்படி ஒரு மாட்டைப் பார்த்தால் அந்த இடத்தை உடனே மாற்ற வேண்டும் என்று பொருள்.

மெத்தென்று இருக்கிறதா என்று அறிய என்னிடம் ஒரே ஒரு சோதனைதான். மாடு படுக்கும் இடத்தில் நின்றபடியே, கையை ஊன்றாமல், முட்டி தரையில் படும்படி விழுங்கள். விழத் தயங்கினால் அதுவே விடை. விழுந்து அரை நிமிடம் முட்டி போட்டிருங்கள். எழுந்து பாருங்கள், துணி நனைந்திருந்தால் படுக்கை ஈரம். 600 கிலோ எடையுள்ள மாடு ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்குக் குறையாமல் இதே இடத்தில் முட்டி போடுகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி அளவுகள். 600 கிலோவைத் தாண்டும் பெரிய மாட்டுக்குத் தனித்தனித் தடுப்பு அமைத்தால் அகலம் 1.2 மீட்டர் வேண்டும். சுவரைப் பார்த்துப் படுக்கும் வரிசை என்றால் மொத்த நீளம் 2.7 மீட்டர். எதிரெதிராகத் தலை வைத்துப் படுக்கும் வரிசையில் ஒன்றின் தலை நீட்டும் இடத்தை மற்றதும் பகிர்ந்துகொள்வதால் 2.4 மீட்டர் போதும். உங்கள் மாடு சிறியதென்றால் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் மாட்டையே அளந்துவிடுங்கள். இரு இடுப்பெலும்புகளுக்கு இடையே உள்ள அகலத்தைப் போல இரண்டு மடங்கு, தடுப்பின் அகலம். பின்புற உயரத்தைப் போல 1.2 மடங்கு, உடல் படுக்கும் பகுதியின் நீளம். இருப்பவற்றில் பெரிய மாடுகளை அளந்து செய்யுங்கள். கழுத்துக் கம்பி (நிற்கும் மாடு அதிகம் முன்னே போகாதபடி தடுப்புகளின் மேல் குறுக்கே போடும் கம்பி) மாட்டின் பின்புற உயரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே இறங்கக் கூடாது. பாதி உள்ளே பாதி வெளியே நிற்கும் மாடுகள் நிறைய இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் கம்பியைத்தான்.

படுக்கைக்கு எதைப் போடுவது என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து. நான் மணல் பக்கம். மணலில் கிருமிக்குத் தீனி இல்லை, ஈரம் வடிந்துவிடும், வெயில் நாளில் குளிர்ச்சி, எழும்போது குளம்புக்குப் பிடிமானமும் கிடைக்கும். குறைந்தது 15 செ.மீ. ஆழம் வேண்டும். தினமும் சமப்படுத்த வேண்டும், குழி விழ விழ மாடு படுக்கும் நேரம் குறையும். அதன் குறை, சாணக் குழியிலும் பம்பிலும் மணல் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். குளிர் பகுதிகளில் வைக்கோல் நல்லது, ஆனால் தினமும் புதிதாகச் சேர்க்க வேண்டும். மரத்தூள் என்றால் நன்கு காய்ந்ததாக இருக்கட்டும். ஈர மரத்தூளில் மடிநோய்க் கிருமிகள் பெருகும். ரப்பர் விரிப்பு மட்டும் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். வெறும் சிமெண்டைவிட அது மேல், அவ்வளவுதான். மேலே சில செ.மீ. தடிமனுக்குத் தூளோ வைக்கோலோ பரப்பாவிட்டால் பின்னங்கால் முட்டி தேய்ந்து புண்ணாகும்.

எதைப் போட்டாலும் ஈரமாக விடக் கூடாது. ஈரப் படுக்கையில் மாடு படுக்கும் நேரம் மணிக்கணக்கில் குறையும். ஒவ்வொரு கறவையின் போதும் பின்பகுதிச் சாணத்தை வழித்துவிட்டு, காய்ந்ததைப் பரப்பிவிடுங்கள். மாட்டுக்கு ஓர் இடம் என்பது குறைந்தபட்சம். கூடுதலாகப் பத்துக்கு ஓர் இடம் இருந்தால் பயந்த மாடும் நிம்மதியாகப் படுக்கும்.

படி 3: கட்டிப்போட்ட மாடுகள்

பிரிட்டனில் 1965-ல் பிராம்பெல் தலைமையிலான குழு, பண்ணை விலங்கு எதுவானாலும் எழ, படுக்க, திரும்ப, தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள, கைகால் நீட்ட இடம் வேண்டும் என்று சொன்னது. விலங்கு நலத்துக்கென்று பின்னாளில் வந்த ஐந்து சுதந்திரங்கள் என்ற கருத்துக்கு இதுதான் வேர். கட்டுத்தறியில் நிற்கும் மாட்டை, எழுவது முதல் கைகால் நீட்டுவது வரை அந்தக் குழு சொன்ன ஐந்தையும் வைத்துப் பாருங்கள். திரும்புவது என்ற ஒன்று கட்டிய மாட்டுக்குக் கிடையவே கிடையாது. மற்றவையாவது கிடைக்கிறதா?

கயிற்றின் நீளத்தைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. படுத்திருக்கும் மாடு தலையைத் திருப்பி விலாவில் சாய்த்துக்கொள்ள முடிகிறதா? மாடு ஆழ்ந்து தூங்குவது அப்படித்தான். கண்ணை மூடி, தலையை விலாவில் வைத்து, சில நிமிடங்கள் மட்டும் தூங்கும். கயிறு குட்டையானால் அந்தத் தூக்கமே இல்லாமல் போகும். அதே நேரம் கால் சிக்கும் அளவுக்கு நீளமாகவும் விடக் கூடாது. கழுத்துப் பட்டைக்குள் கை நுழைகிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். கிடேரி வளர வளரப் பட்டை இறுகிப்போவதைப் பலர் கவனிப்பதே இல்லை.

தினமும் ஒரு மணி நேரமாவது அவிழ்த்து நடக்க விடுங்கள். மேய்ச்சல் நிலம் இல்லாவிட்டாலும் வழுக்காத ஒரு திறந்த முற்றம் போதும். முதல் நாள் அவிழ்த்துவிட்டதும் வயதான மாடுகூடத் துள்ளி ஓடுவதைப் பார்த்தவர்கள், அப்புறம் கட்டியே வைத்திருக்க மனம் ஒப்பமாட்டார்கள்.

படி 4: தரையும் குளம்பும்

மாடு நடக்கும்போது தலையைக் குனிந்து, தரையை முகர்ந்து, சிறு சிறு அடியாக வைக்கிறதா? தரை வழுக்குகிறது என்று பொருள். நம்பிக்கையோடு நடக்கும் மாட்டின் பின்னங்கால், முன்னங்கால் வைத்த தடத்திலேயே வந்து விழும். சினைப்பருவத்தில் ஒன்றன்மேல் ஒன்று தாவக்கூட மாடுகள் பயந்தால், எந்த மாடு பருவத்துக்கு வந்திருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாமல் போகும்.

வழவழத்த சிமெண்ட் தரையில் 1 செ.மீ. ஆழமும் அகலமும் உள்ள கோடுகளை 4, 5 செ.மீ. இடைவெளியில் வெட்டிவிடலாம். புதுச் சிமெண்ட் தரைக்கு நேர் எதிரான சிக்கல் உண்டு, அதன் கூர்மையான சொரசொரப்பு குளம்பை அரத்தால் ராவுவதுபோல் தேய்த்துவிடும். மாடுகளை விடுவதற்கு முன் அதைத் தேய்த்து மழுக்க வேண்டும். நீர் தேங்காதபடி மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டம் இருக்கட்டும். நடைபாதைச் சாணத்தை நாளைக்கு இரண்டு மூன்று தடவையாவது வழித்துவிடுங்கள். கறவைக்குக் காத்து நிற்கும் இடத்திலும், தீவனத் தொட்டி முன்பும் ரப்பர் விரிப்பு போட்டால் போட்ட காசு வீணாகாது, மாடு அதிகம் நிற்பது அங்கேதான்.

குளம்பை ஆண்டுக்கு இரண்டு தடவை, பழகிய ஆளைக் கொண்டு செதுக்கிச் சீராக்குங்கள். பால் வற்றவிடும் நாள் அதற்கு நல்ல சமயம். மாதம் ஒரு முறை எல்லா மாட்டையும் சமதரையில் நடக்கவிட்டுப் பாருங்கள். முதுகு வில்லாக வளைந்திருக்கிறதா, அடி எடுத்து வைக்கும்போது தலை ஆடுகிறதா, ஏதாவது ஒரு காலில் பாரம் போடத் தயங்குகிறதா? நொண்டும் மாட்டின் காலை 48 மணி நேரத்துக்குள் தூக்கிப் பார்த்துச் சிகிச்சை தொடங்க வேண்டும். ‘ரெண்டு நாள் பார்ப்போம்’ என்று தள்ளிப் போட்ட நொண்டல்தான் நாள்பட்டதாக மாறுகிறது. மாடு வலியை வெளிக்காட்டாத பிராணி. நம் கண்ணுக்கு லேசாக நொண்டுவதாகத் தெரியும்போதே அதற்கு நன்றாக வலிக்கிறது.

குளம்பில் தொற்றுப் புண் பரவும் கொட்டகைகளில் குளம்புக் குளியல் உதவும். குறைந்தது 3 மீட்டர் நீளத் தொட்டியில், குளம்பு முழுதும் முங்கும் ஆழத்துக்கு, 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்). சாணம் கலங்கிச் சேறானதும் மாற்றிவிடுங்கள். பழைய கரைசலை வயலில் ஒரே இடத்தில் கொட்டாதீர்கள், தாமிரம் மண்ணில் சேர்ந்துவிடும்.

படி 5: தண்ணீரும் தீவனமும்

ஒரு லிட்டர் பாலுக்கு மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் வேண்டும். அதிகம் கறக்கும் மாடு வெயில் நாளில் 100 லிட்டரைத் தாண்டிக் குடிக்கும். உறிஞ்ச ஆரம்பித்தால் நிமிடத்துக்கு 10 முதல் 20 லிட்டர் இழுத்துவிடும். ஆகவே தொட்டி பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, குழாயில் தண்ணீர் வேகமாக வர வேண்டும். பால் கறந்து வெளியே வந்ததும் மாடு தேடுவது தண்ணீரைத்தான், அந்த வழியில் ஒரு தொட்டி இருக்கட்டும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் இரண்டு இடத்தில் தண்ணீர் வேண்டும். ஒரே தொட்டி என்றால் முரட்டு மாடு ஒன்று அதை மறித்து நின்றுகொள்ளும். தொட்டியை அடிக்கடி தேய்த்துக் கழுவுங்கள். அந்தத் தண்ணீரை நீங்கள் குடிப்பீர்களா என்று கேட்டுக்கொண்டால் போதும். மாடு தொட்டிக்கு வந்து, நாக்கால் லேசாகத் தொட்டுப் பார்த்துப் பின்வாங்கினால் மின்கசிவு இருக்கலாம். மனிதருக்கு உறைக்காத சில வோல்ட்கூட மாட்டுக்கு உறைக்கும். எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

தீவனம் வைக்கும் இடம், மாடு நிற்கும் தரையைவிட 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் இருந்தால் முன்னங்காலுக்குச் சுமை குறையும். ஒரு மாட்டுக்கு 60 முதல் 75 செ.மீ. அகலம். அடிப்பரப்பு வழவழப்பாக இருக்கட்டும், விரிசலில் பழைய தீவனம் புளித்து நாறினால் புதியதையும் ஒதுக்கும். தள்ளிப்போன தீவனத்தைப் பகலிலும் இரவிலும் கிட்டே தள்ளிவிடுங்கள். பிடரியில் முடி உதிர்ந்து தடித்திருந்தால் தீவனத் தொட்டிக் கம்பி தாழ்வாக இருக்கிறது.

படி 6: காற்றும் வெப்பமும்

படுத்திருக்கும் மாட்டின் மூக்கு உயரத்துக்குக் குனிந்து ஒரு மூச்சு இழுங்கள். கண் எரிந்தால், மூத்திர நெடி ஏறினால் அந்தக் காற்றைத்தான் மாடு நாள் முழுவதும் சுவாசிக்கிறது. கூரையில் ஒட்டடையும் ஈரத் துளிகளும் தொங்கினால் காற்று நகரவில்லை. மாட்டின் உடல் சூட்டால் காற்று மேலே எழும், முகட்டில் திறப்பு இருந்தால் அது வழியே வெளியேறி, பக்கவாட்டில் புதுக் காற்றை உள்ளே இழுக்கும். முகட்டை மூடிவிட்டுச் சுவரில் மட்டும் ஜன்னல் வைப்பது பாதி வேலைதான்.

வெப்ப விஷயத்தில் நம் உடம்பை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. முதல் இரைப்பையில் தீவனம் நொதிக்கும் சூடும், பால் சுரக்கும் சூடும் சேர்ந்து மாடு ஓர் அடுப்பைச் சுமந்துகொண்டு நிற்கிறது. அதிகம் கறக்கும் மாட்டுக்கு 22 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தாலே சிரமம் தொடங்கிவிடும். திமில் உள்ள இனங்கள் இன்னும் கொஞ்சம் தாங்கும். விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். நிம்மதியாக இருக்கும் மாடு ஏறத்தாழ 25 முதல் 50 தடவை மூச்சு விடும். 60-ஐத் தாண்டினால் வெப்பம் வாட்டுகிறது. வாய் திறந்து எச்சில் ஒழுக நின்றால் அது அவசர நிலை.

வெயில் வாட்டும் மாடு படுக்காது, உடம்பில் எல்லாப் பக்கமும் காற்றுப் படட்டும் என்று நின்றுகொண்டே இருக்கும். அதனால் கோடை முடிந்து சில வாரங்கள் கழித்து நொண்டல் கூடும். காரணம் புரியாமல் அப்போதைய தீவனத்தைக் குறை சொல்பவர்கள் பலர்.

முதலில் நிழல், அடுத்து காற்று, அப்புறம்தான் தண்ணீர். மின்விசிறியின் காற்று படுத்திருக்கும் மாட்டின் மேல் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் படும்படி சாய்த்து வையுங்கள். தண்ணீர் தெளிப்பதானால் பெரிய துளிகளாக, தோல்வரை நனையும்படி ஒரு நிமிடம். பிறகு நான்கைந்து நிமிடம் விசிறிக் காற்றில் உலர விடுங்கள், மறுபடி நனையுங்கள். உலரும்போதுதான் சூடு இறங்குகிறது. புழுக்கமான ஊரில் புகைபோன்ற மெல்லிய தூறல் முடியின் மேலேயே நின்று, இன்னும் புழுங்க வைத்துவிடும். தெளிப்பதைத் தீவனத் தொட்டி அருகிலும் காத்திருப்பு இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையும் மடியும் நனையக் கூடாது.

பால் வற்றிய சினை மாடுகளை மறந்துவிடாதீர்கள். கறக்காத மாடுதானே என்று அதை வெயில் படும் மூலையில் கட்டுவது வழக்கம். ஈனுவதற்கு முந்தைய வாரங்களில் பட்ட வெப்பம் அடுத்த ஈற்றுப் பாலையும் குறைக்கும், வயிற்றில் இருக்கும் கன்றையும் மெலியவைக்கும்.

படி 7: வெளிச்சம்

கறவை மாட்டுக்கு நாளைக்கு 16 மணி நேரம் நல்ல வெளிச்சம் (150 முதல் 200 லக்ஸ்), மீதி நேரம் இருட்டு. விடிய விடிய விளக்கை எரிய விடாதீர்கள். பால் வற்றிய மாட்டுக்கு 8 மணி நேர வெளிச்சமே நல்லது.

படி 8: துணையும், மனிதர்களும்

மாடு கூட்டமாக வாழும் பிராணி. கிடேரிகளைப் பெரிய மாடுகளோடு சேர்க்கும்போது ஒன்றை மட்டும் தனியாக விடாமல், இரண்டு மூன்றாகச் சேர்த்து விடுங்கள். ஒன்றுக்கொன்று தெரிந்த முகம் இருந்தால் அடி வாங்குவது குறையும். முட்டுச் சந்தாக முடியும் நடைபாதை வேண்டாம், தப்பித்துப் போக வழியில்லாத இடத்தில் எளிய மாடுதான் சிக்கும். உடம்பைச் சொரிந்துகொள்ள ஒரு தூரிகையைச் சுவரிலோ தூணிலோ பொருத்துங்கள். சுழலும் மின்தூரிகை நல்லது, இல்லாவிட்டால் கெட்டியான துடைப்பத் தலைகளைத் தூணில் இறுகக் கட்டினாலும் மாடு வரிசையில் நின்று சொரிந்துகொள்ளும். நாக்கு எட்டாத முதுகும் வாலடியும் அதற்கு எப்போதும் அரிக்கிறது.

மாடு கிட்டத்தட்டச் சுற்றிலும் பார்க்கும், நேர் பின்னால் மட்டும் தெரியாது. அங்கிருந்து திடீரென்று வந்தால் மிரளும், உதைக்கும். தோள்பட்டைக்குப் பின்னால் நின்று நகர்ந்தால் முன்னால் போகும், தோளுக்கு முன்னால் வந்தால் நிற்கும் அல்லது பின்வாங்கும். இதைப் பழகிவிட்டால் குச்சி தேவையில்லை. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் நுழையும்போது மாட்டின் கண் பழக நேரம் எடுக்கும், வாசலில் தயங்கி நிற்கும் மாட்டை அடிக்காதீர்கள். வாலை முறுக்குவது வேண்டவே வேண்டாம். பயந்த மாட்டுக்கு அட்ரினலின் சுரந்து, பாலை இறங்க வைக்கும் ஆக்சிடாசின் என்ற ஹார்மோனின் வேலையைத் தடுக்கும், மாடு பாலை அடக்கிக்கொள்ளும். கறக்கும் இடத்தில் கத்தும் ஆளை மாற்றினாலே பால் இறங்குவதில் வித்தியாசம் தெரியும்.

நாளுக்கு மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் மாடு கறவைக்காக நிற்கக் கூடாது. அதற்கு மேல் நிற்கும் நேரம் படுக்கும் நேரத்திலிருந்துதான் போகும்.

படி 9: ஈனும் மாட்டுக்கும் நோயுற்ற மாட்டுக்கும் தனி இடம்

ஒரு மாட்டுக்கு 12 சதுர மீட்டருக்குக் குறையாமல், கணுக்கால் புதையும் அளவுக்கு வைக்கோல் போட்ட இடம். அங்கிருந்து மற்ற மாடுகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஈனும் இடத்தையும் நோய்க்கான இடத்தையும் ஒன்றாக வைத்தால் புதுக்கன்றுக்கு நோய் ஒட்டிக்கொள்ளும். படுத்த படுக்கையான மாட்டை வெறும் சிமெண்டில் விட்டுவிட்டால் தொடைத் தசைகள் நசுங்கி, முதல் நோய் குணமானாலும் எழ முடியாமல் போகும். உடனே மணல் அல்லது வைக்கோல் மேல் மாற்றி, சில மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள்.

படி 10: எதை முதலில் செய்வது

பணம் இல்லையென்றால் நாளைக் காலையே தொடங்கக்கூடியவை இவை: தண்ணீர்த் தொட்டியைத் தேய்ப்பது, படுக்கையைச் சமப்படுத்தி உலரவைப்பது, கயிற்றைச் சரிசெய்வது, கழுத்துக் கம்பியை உயர்த்துவது, முகட்டில் அடைத்த தகரத்தைக் கழற்றுவது. கொஞ்சம் பணம் சேர்ந்ததும் மணலோ தரைக் கோடுகளோ, பிறகு விசிறி. தூரிகை கடைசியில் வரலாம், ஆனால் விட்டுவிட வேண்டாம்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள், எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும். ஒன்றை மாற்றி இரண்டு வாரம் கழித்து, அதே முக்காலி, அதே மூலை, அதே நேரம். நோட்டைப் பிரித்து மறுபடி எண்ணுங்கள். பாதி உள்ளே பாதி வெளியே நின்ற அந்த மாடு, இப்போது படுத்து அசை போடுகிறதா என்று பாருங்கள். முட்டிப் புண்ணில் முடி முளைக்க இன்னும் சில வாரங்கள் ஆகும்.